முன்பலகைப் பொத்தான் சீராய்வுக் குழு

பதிவு அலுவலகத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. பிள்ளை பிறந்து வீல் என்று கத்திவிட்டால் மட்டும் அது பிறந்ததாக ஆகிவிடாது. அந்த அலுவலகத்தின் மூன்றாம் எண் சாளரத்தில் அதன் அப்பன் போய்க் கத்த வேண்டும். ஒருவர் செத்து, அடக்கம் ஆகி, அழுதவர்களெல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகும், ஐந்தாம் எண் சாளரம் ஒப்புக்கொள்ளும் வரை அவர் உயிரோடுதான் இருக்கிறார். ஊரின் இந்த வரவையும் போக்கையும் வயிற்றில் அடக்கிக்கொண்டு, கட்டடத்தின் அடித்தளத்தில், ஏசி போட்ட ஒரு சின்ன அறையில், இரும்பு அலமாரிக்குள் ஒரு சர்வர் படுத்திருந்தது.

அதைப் பார்த்துக்கொள்பவருக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் இரண்டு வரிக்கு வரும். கழுத்தில் எந்நேரமும் ஒரு சுருள் ஒயர் தொங்கும் என்பதால் அலுவலகம் முழுவதும் அவரை ஒயர்காரர் என்றே அழைத்தது. அவரும் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருஷமாக அந்தச் சர்வரைத் துடைத்து, தூசி தட்டி, அது இரைந்தால் பதறி, அடங்கினால் அதைவிடப் பதறி, ஒரு மாதிரி ஒப்பேற்றிக்கொண்டு வந்தார்.

பிரச்சினை ஆரம்பித்தது புதுச் சர்வர் வந்தபோது. பெட்டியின் முன்பலகையில் மூன்று பொத்தான்கள். ஒன்று, இயக்கவும் நிறுத்தவும். இரண்டாவது, குண்டூசி நுழையும் அளவுக்குச் சிறியது, நின்றுபோனால் உதைத்து எழுப்ப. மூன்றாவதை அழுத்தினால் ஒரு நீல விளக்கு எரியும். நூறு பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் "பழுது இந்தப் பெட்டியில்தான்" என்று அடையாளம் காட்டுவதற்காக வைத்தது அது. இங்கே இருந்ததே ஒரு பெட்டி. ஆகையால் அந்த விளக்குக்கு வேலை கிடையாது. அலுவலகத்தில் வேலை இல்லாத மற்றவர்களைப் போலவே அதுவும் பளிச்சென்று இருந்தது.

திறப்பு விழா வைத்தார்கள். ரிப்பன் கத்தரிப்பதெல்லாம் பழைய பாணி, பொத்தானை அழுத்தித் தொடங்குவதுதான் நவீனம் என்று யாரோ தலைமைப் பதிவாளர் காதில் போட்டிருந்தார்கள். சர்வர் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே சாளரங்களில் வேலை நடக்கிறது என்று ஒயர்காரர் சொல்ல வாயெடுத்தார். அவர் நின்ற இடம் நான்காவது வரிசை. தலைமைப் பதிவாளர் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி முதல் பொத்தானை அழுத்தினார். சர்வர் மரியாதையாக அணைந்தது. மேலே ஒன்பது சாளரங்களும் செத்தன. கீழே பலத்த கைதட்டல்.

கைதட்டிய பிறகு அது தவறு என்று சொல்ல முடியாது. ஆகவே விழா வெற்றி என்று குறிப்பு எழுதப்பட்டது. ஆனால் அன்று மாலை ஏதோ ஒரு பொத்தான் ஏதோ ஒரு வகையில் நடந்துகொண்டது சரியில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அழுத்தியவரைக் கேட்க முடியாது. எனவே பொத்தானை விசாரிக்க முன்பலகைப் பொத்தான் சீராய்வுக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். உறுப்பினர்கள் ஏழு பேர். தலைவர், அதே தலைமைப் பதிவாளர்.

உண்மையில் இது நான்கு நிமிஷ வேலை. சர்வருக்குள்ளேயே இன்னொரு குட்டிக் கணினி இருக்கிறது. பெரிய பெட்டி மயங்கி விழுந்தாலும் இது மட்டும் விழித்திருக்கும். அதற்குத் தனி ஒயர், தனித் திரை, தனிக் கடவுச்சொல். அந்த நிர்வாகத் திரைக்குள் போனால், முன்பலகையில் எந்தப் பொத்தான் பேசலாம், எது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஒரு கட்டத்தில் குறியிட்டுவிடலாம். இதைத்தான் ஒயர்காரர் குழுவின் முதல் கூட்டத்தில் சொன்னார். "நாலு நிமிஷம் போதும் சார், இப்பவே முடிச்சுடறேன்."

தலைமைப் பதிவாளர் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "நாலு நிமிஷத்துல முடியற வேலைக்கு ஏழு பேர் குழு போட்டிருக்கோம்னு வெளில தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது. வேலை நான்கு மாதம் நடந்தது.

முதல் மாதம் நேரடி ஆய்வு. ஏழு பேரும் காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வரிசையாக அடித்தளத்துக்கு இறங்கினார்கள். பொத்தான் ஆபத்தானதா என்று ஒவ்வொருவரும் தாமே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று விதி இருந்ததால், ஒவ்வொருவரும் ஒருமுறை அழுத்தினார்கள். ஏழு முறை சர்வர் அணைந்தது. ஏழு முறையும் ஒயர்காரர் அதை எழுப்பினார். மேலே மூன்றாம் சாளரத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் பதிய வந்த ஒருவர், முதல் பிள்ளை பதிவாகி இரண்டாவது பதிவாவதற்குள் ஐந்து தடவை மூத்ததை இழந்து மீட்டார். பொத்தான் ஆபத்தானதே என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

இரண்டாம் மாதம் சொல்லில் கழிந்தது. பொத்தானை "முடக்குதல்" என்று ஆணையில் போட்டால், அரசுச் சொத்தை முடக்கியவர் யார் என்று நாளைக்குக் கேள்வி வரும் என்றார் சட்ட ஆலோசகர். இவர் ஒல்லியான மனிதர், எந்தக் காகிதத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் படிப்பார். கடைசியில் "பொத்தான் தன் பணியிலிருந்து மரியாதையுடன் விடுவிக்கப்படுகிறது" என்று எழுதினார்கள். விடுவிப்பு என்றால் விடைபெறும் உரை வேண்டுமே. தலைமைப் பதிவாளர் பொத்தானின் முன்னால் நின்று ஆறு நிமிஷம் பேசினார். குறுகிய காலமே பணியாற்றினாலும் அது காட்டிய உடனடிச் செயல்பாட்டை இந்த அலுவலகத்தில் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்றார். அதில் பொய்யில்லை.

மூன்றாம் பொத்தானை மட்டும் அவர் விடவில்லை. நீல விளக்கு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "அது எரியட்டும். நிர்வாகம் முழிச்சிக்கிட்டிருக்குன்னு சனத்துக்குத் தெரியணும்." சனம் யாரும் அடித்தளத்துக்கு வருவதில்லை என்று ஒயர்காரர் சொன்னார். அதனால் மேலே கூடத்தில் ஒரு திரை வைத்து, அதில் நீல விளக்கை நாள் முழுக்கக் காட்டினார்கள்.

ஒரு வழியாக ஒயர்காரர் நிர்வாகத் திரைக்குள் போய், முதல் இரண்டு பொத்தான்களின் வாயை மூடினார். கூடவே ஒரு நல்ல காரியமும் செய்தார். மின்சாரம் போய்த் திரும்பினால் சர்வர் தானாக எழ வேண்டும் என்ற கட்டத்திலும் குறியிட்டார். குழு அதைக் கேட்கவில்லை, கவனிக்கவும் இல்லை.

பொத்தான் ஊமையானதும் அதன் பாதுகாப்பு பற்றிய கவலை எல்லாருக்கும் அதிகமாகிவிட்டது. "இது பொத்தான் அல்ல, ஆணைப்படி" என்று ஒரு சீட்டை அதன்மேல் ஒட்டினார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒரு காவலாளியை உட்கார வைத்தார்கள். கையில் ஒரு பதிவேடு. அழுத்தியவர் யார், அழுத்திய நேரம், அழுத்திய விரல் என்று மூன்று கட்டங்கள்.

முதல் நாள் காவலாளி ரகசியமாகக் கேட்டார். "சார், இத அழுத்தினா இப்ப ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப எதுக்கு என்னைப் போட்டிருக்காங்க?"

"யாரும் அழுத்திடக் கூடாதில்ல, அதுக்குத்தான்," என்றார் ஒயர்காரர். இதைச் சொன்னபோது தனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை அவர் கவனித்தார். நாலு மாதத்தில் பழகிப்போயிருந்தது.

கடைசியாக நிர்வாகத் திரையின் கடவுச்சொல். அது ஒயர்காரர் ஒருவர் கையில் இருப்பது ஆபத்து என்று அதை மூன்று துண்டாக்கி, மூன்று கவரில் போட்டு, அரக்கு வைத்து, தலைமைப் பதிவாளரிடம் ஒன்று, சட்ட ஆலோசகரிடம் ஒன்று, கட்டடப் பொறியாளரிடம் ஒன்று கொடுத்தார்கள். திரையைத் திறக்க வேண்டுமானால் சர்வரில் இருக்கும் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காகித விண்ணப்பம் ஒழிக்கப்பட்டுவிட்டது. அந்த மாதக் கடைசியில் கட்டடப் பொறியாளர் ஓய்வு பெற்றார். வாழ்த்துக் கவர்கள் நிறைய வந்திருந்தன. எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு, வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குச் சர்வர் நின்றது.

அணையவில்லை, அணைந்திருந்தால் தேவலை. விசிறிகள் சுற்றின, நீல விளக்கு ஜம்மென்று எரிந்தது, ஆனால் சாளரங்களில் எதைத் தட்டினாலும் பதில் இல்லை. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த நோய்தான். பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தால் தீரும். ஒயர்காரர் பழக்கதோஷத்தில் விரலை நீட்டினார். காவலாளி பதிவேட்டைத் திறந்துகொண்டு எழுந்து நின்றார். "சார், எந்த விரல்னு போட?" ஒயர்காரர் விரலை மடக்கிக்கொண்டார். அழுத்தியிருந்தாலும் பயனில்லை, பொத்தான்தான் ஊமையாயிற்றே.

மேலே ஓடினார். தலைமைப் பதிவாளர் அறைச் சுவரிலும் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் நீல விளக்கு எரிந்தது.

"சர்வர் தொங்கிடுச்சு சார். நிர்வாகத் திரையைத் திறந்தா ரெண்டு நிமிஷத்துல எழுப்பிடலாம்."

"விண்ணப்பம் போட்டீங்களா?"

"விண்ணப்பப் படிவம் சர்வர்லதான் சார் இருக்கு."

"அப்ப சர்வர்ல போடுங்க."

"சர்வர் ஓடல சார்."

தலைமைப் பதிவாளர் சுவரைக் காட்டினார். "விளக்கு எரியுது பாருங்க. நீங்க ரொம்ப நல்லவரு, ஆனா கீழேயே இருக்கறதால உங்களுக்கு எல்லாமே தப்பாத் தெரியுது. நிர்வாகம்னா நம்பிக்கை. நான் இந்த விளக்க நம்பறேன். நீங்களும் நம்பிப் பாருங்க."

இதோடு நின்றிருந்தால் ஒயர்காரரும் கீழே போய் உட்கார்ந்து நம்பிப் பார்த்திருப்பார். பதினோரு வருஷத்தில் இதைவிடப் பெரியதையெல்லாம் நம்பியிருக்கிறார். ஆனால் புதன்கிழமை காலை வாசலில் நின்ற வரிசையில் அவருடைய அக்கா நின்றாள்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எட்டு மாதம் முன்னால் வேலையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஈடாக அக்காவுக்கு டிப்போ கிடங்கில் ஒரு வேலை தருவதாகக் கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் காகிதங்கள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. இறப்புச் சான்றிதழ் இந்த மாதத் தேதி போட்டதாக வேண்டுமாம். செத்தவர் இன்னும் செத்தபடியேதான் இருக்கிறாரா என்று டிப்போவுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும் போல.

"என்னடா, உன் ஆபீஸ்ல வந்து நான் வரிசையில நிக்கணுமா?" என்று கேட்டாள் அக்கா. கோபமில்லை, கேலிதான். அவளுக்குத் தம்பி பெரிய ஆபீஸில் பெரிய மிஷினைக் கட்டி மேய்ப்பவன் என்று ஒரு பெருமை.

"சர்வர் தொங்கிடுச்சுக்கா. நாளைக்கு வா, சரி பண்ணிடுவேன்."

"நாளைக்கு எதுக்கு? இங்கயே நிக்கறேன். போனா இடம் போயிடும்."

அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு தையல்காரம்மா, கையோடு கொண்டுவந்த மடக்கு ஸ்டூலை அக்காவுக்கும் பாதி கொடுத்தார். இருவரும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தார்கள். தையல்காரம்மாவின் மகளுக்கு நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழைக் காட்டி வியாழக்கிழமைக்குள் சேர வேண்டும். மத்தியானத்துக்குள் இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். வியாழக்கிழமையும் அதே ஸ்டூல். அன்று மாலை சாளரங்கள் மூடியபோது ஒயர்காரர்தான் வெளியே வந்து சொன்னார். "இன்னிக்கும் ஆகலம்மா. சர்வர் எந்திரிக்கல."

தையல்காரம்மா ஸ்டூலை மடக்கினார். அக்கா அவரைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டாள்.

அதற்குள் குழு இரண்டு தடவை கூடியிருந்தது. மூன்றாவது கவர் எங்கே என்று தேட ஒரு உபகுழு. ஓய்வு பெற்றவர் கவரைப் பிரித்துப் படித்துச் சொல்லலாமா என்று சட்ட ஆலோசகரிடம் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர் ரகசியத்தைப் பார்க்கக் கூடாது. ஆனால் பார்க்காமல் சொல்வதற்குத் தடையில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி. அக்கா மேலே ஐந்தாம் சாளரத்தின் முன் நின்றிருந்தாள், வரிசையில் முதல் ஆள். இரண்டு நாளாக அவள் கேலி பேசவில்லை. ஒயர்காரர் அடித்தளத்தில் சர்வரின் முன்னால் நின்று ஆணையை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பதினான்கு பக்கம். முன்பலகை, முன்பலகை என்று எண்பது இடத்தில் இருந்தது. பின்பக்கம் என்று ஓரிடத்திலும் இல்லை. ஏழு பேரில் ஒருவர்கூட அலமாரியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்ததில்லை.

"நான் கொஞ்சம் பின்னால போறேன்," என்றார் காவலாளியிடம்.

"பின்னால என்ன இருக்கு சார்?"

"தூசி."

"பின்னால போறவங்களுக்குக் கட்டம் இல்ல சார்," என்றார் காவலாளி, பதிவேட்டைப் பார்த்து.

பின்னால் இரண்டு மின் ஒயர்கள். ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். ஒயர்காரர் ஒன்றைப் பிடுங்கினார். சர்வர் சட்டை செய்யவில்லை. இரண்டாவதைப் பிடுங்கினார். விசிறிகள் இறங்கி நின்றன, அறையே காது அடைத்தாற்போல ஆயிற்று. முப்பது எண்ணிவிட்டுத் திரும்ப மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. தானாக எழு என்று குறியிட்டது நிஜமா, குறியிட்டதாக நினைத்துக்கொண்டோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. எழாவிட்டால் எழுப்பப் பொத்தான் இல்லை. அதற்கு விடைகொடுத்து அனுப்பியாயிற்று. பிறகு உள்ளே எங்கோ ஒரு கிளிக். விசிறிகள் ஹோவென்று கிளம்பின. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புதுச் சர்வர்கள் ஆற அமரத்தான் எழும். இரண்டே முக்காலுக்குச் சாளரங்களுக்கு உயிர் வந்தது. மூன்றுக்கு அக்காவின் வீட்டுக்காரர் இந்த மாதத் தேதியில் மறுபடி செத்தார். அக்கா காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிப்போவில் முத்திரை விழுந்தது. மாலை மூடுவதற்குள் மொத்தம் நூற்றுப் பதினெட்டுச் சான்றிதழ்கள். ஒயர்காரர் அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது விசிலடித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை விசாரணை.

நீளமான மேசை, ஏழு நாற்காலிகள், ஒன்று காலி. சட்ட ஆலோசகர் காவலாளியின் பதிவேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பட்டனை நீங்க அழுத்தல."

"அழுத்தல சார்."

"வேற யாரும் அழுத்தல. நிர்வாகத் திரையையும் யாரும் திறக்கல. கவர் ரெண்டும் அரக்கோட இருக்கு. சரிதானே?"

"சரி சார். பின்னால இருக்கற ரெண்டு ஒயரையும் புடுங்கி மாட்டினேன்."

"ஒயரைப் பத்தி நம்ம ஒழுங்குமுறையில ஒரு வரிகூட இல்ல. ஒழுங்குமுறையில இல்லாதத நீங்க எப்படிப் புடுங்க முடியும்?" அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். "அப்ப சர்வர் மறுபடி எந்திரிக்க அனுமதிச்ச வழி ஒண்ணும் நடக்கல. அனுமதி இல்லாம எந்திரிச்ச சர்வர் குடுத்த சான்றிதழ் செல்லாது. நூத்திப் பதினெட்டையும் ரத்து பண்ணிட்டு, வாங்கிக்கிட்ட இடத்துக்கெல்லாம் கடிதம் போட்டுடலாம்."

ஒயர்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அக்காவின் காகிதம் நினைவுக்கு வந்தது. நூற்றுப் பதினெட்டில் ஒன்று டிப்போவில் இருந்தது.

"சார், என்மேல நடவடிக்கை எடுங்க. அது நான் பண்ணினது. சான்றிதழ் வாங்கினவங்க என்ன பண்ணினாங்க? அவங்க வீட்டுல சாவு நிஜம் சார்."

"சாவு நிஜமா இருக்கலாம். சான்றிதழ்தான் பிரச்சினை," என்றார் சட்ட ஆலோசகர் ஆறுதலாக.

அப்போது தலைமைப் பதிவாளர் தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் ஒரு தாயின் கனிவு இருந்தது. "இவ்வளவு கடுமை வேணாம். நாம சனங்களுக்காக இருக்கற அலுவலகம். நான் ஒண்ணு கேக்கறேன். நின்னாத்தானே திரும்ப எந்திரிக்கணும்? சர்வர் நிக்கவே இல்லன்னா? செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நான் என் கண்ணால பாத்துக்கிட்டே இருக்கேன், விளக்கு ஒரு நொடி அணையல. வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் அணைஞ்சுது, அப்ப நான் சாப்பிடப் போயிருந்தேன், அதனால அதைப் பாத்தவங்க யாரும் இல்ல. நிக்காத சர்வருக்கு யாரும் பொறுப்பேத்துக்க வேணாம். குழுவோட வேலையில குறை இல்ல. இவர் மேல தப்பு இல்ல. நூத்திப் பதினெட்டும் செல்லும். யாருக்கும் கஷ்டமில்லாத ஒரு வழி இருக்கறப்ப, உண்மைய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

"நாலு நாள் சனங்க வாசல்ல நின்னாங்களே சார்," என்றார் ஒயர்காரர்.

"சனங்க எப்பவும் வாசல்லதான் நிக்கறாங்க. அதுக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?"

"வெள்ளிக்கிழமை ரெண்டே முக்கால் வரைக்கும் ஒரு சான்றிதழ்கூடப் போகலையே?"

"யாரும் வந்து கேக்கல. அதனால போகல. வருகைப் பதிவு சர்வர்லதானே இருக்கு, எடுத்துப் பாருங்க. ஒரு பேர் இருக்காது."

காகிதம் தயாராகவே இருந்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை சர்வர் தடையின்றி இயங்கியது. வெள்ளி பிற்பகல் இரண்டே முக்கால் வரை விண்ணப்பதாரர் வருகை இல்லை. இதற்குப் பொறுப்பான தொழில்நுட்பர் உறுதி கூறுகிறார். கீழே கோடு. ஒயர்காரர் அக்காவை நினைத்தார். அன்று காலைதான் அவள் முதல் நாள் வேலைக்குப் போயிருந்தாள். கிடங்கில் அவளுக்கு ஒரு நீலக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள், கை நீளமாக இருக்கிறது, மடித்துவிட்டுக்கொண்டேன் என்று போனில் சொன்னாள். கையெழுத்துப் போட்டார். கொஞ்சமாவது தயங்கியிருக்கலாம், தயங்கவில்லை. அதுதான் பின்னால் அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே அவருக்கு இடைவிடாத இயக்கத்துக்கான பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே ஒரு பொறுப்பும். சர்வர் ஓடியதா இல்லையா என்று வெளியிலிருந்து யாராவது கேட்டால் எழுதிக் கொடுக்கும் அதிகாரம் இனி அவருடையது.

பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அக்கா அடித்தளத்துக்கே வந்தாள். நீலக் கோட்டோடு. பின்னால் தையல்காரம்மா.

"டேய், இவங்க பொண்ணோட காலேஜ்ல பேசிட்டோம். அன்னிக்கு இந்த ஆபீஸ் சர்வர் ஓடலன்னு ஒரு லெட்டர் கொண்டு வந்தா சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நல்ல மனுஷங்க." அக்கா முகமெல்லாம் சிரிப்பு. தையல்காரம்மாவிடம் திரும்பினாள். "நான் சொல்லல, என் தம்பிதான் அந்த லெட்டர் குடுக்கற ஆளுன்னு? ஒரு கையெழுத்துதான்."

"வியாழக்கிழமைன்னு மட்டும் போட்டாப் போதும் தம்பி," என்றார் தையல்காரம்மா. "நீங்கதானே வந்து சொன்னீங்க, எந்திரிக்கலன்னு."

ஒயர்காரர் கணினியின் முன் உட்கார்ந்தார். படிவத்தில் தேதியைப் போட்டார். வியாழக்கிழமை நின்றது என்று எழுதினால் உறுதிமொழி பொய்யாகும். உறுதிமொழி பொய்யானால் நூற்றுப் பதினெட்டும் போகும். அக்கா அந்தக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். கணக்கு அவ்வளவுதான், அதைப் போட நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. காகிதம் அச்சாகி வந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, இருவரில் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைத்தார்.

தையல்காரம்மாதான் எடுத்துப் படித்தார். வியாழக்கிழமை சர்வர் தடையின்றி இயங்கியது, விண்ணப்பதாரர் வருகை இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக, உதடு அசைய. பிறகு அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மடித்துவிட்ட கோட்டுக் கை நழுவி விரல்வரை இறங்கியதை அவள் சரிசெய்யவில்லை.

"வியாழக்கிழமை நானும் இவங்களும் எங்கடா இருந்தோம்?"

ஒயர்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க வந்ததுக்குப் பதிவு இல்லக்கா."

சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது, திரும்பிப் போக வேண்டும் என்றாள் அக்கா. பிறகு தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.